காடு அப்படியே இருக்கும்போது ஹவாய் மலைப் பறவைகள் ஏன் அழிகின்றன?

கொசுவால்தான். ஆனால் கொசு தானாக மலை ஏறவில்லை.

ஹவாயில் ஒரு காலத்தில் கொசுவே கிடையாது. 1826-இல் மாவித் தீவுக்கு வந்த கப்பலின் தண்ணீர்ப் பீப்பாயில் வந்து இறங்கியது என்கிறார்கள். தமிழ்நாட்டில் யானைக்கால் நோய் பரப்புமே, அதே கியூலெக்ஸ் என்ற கொசு வகை. பறவை மலேரியாக் கிருமி பின்னால் வெளியிலிருந்து கொண்டுவந்த பறவைகளோடு சேர்ந்தது. உள்ளூர்ப் பறவைகளின் உடம்புக்கு இந்த நோய் பழக்கமே இல்லை. வளைந்த அலகும் செக்கச்சிவந்த உடலும் கொண்ட இயீவி என்ற பறவையைக் கிருமியுள்ள கொசு ஒருமுறை கடித்தாலே போதும், பத்தில் ஒன்பது செத்துவிடும்.

மேலே குளிரில் இருந்தவைதான் தப்பின. சுமார் 13 டிகிரிக்குக் கீழே அந்தக் கிருமி கொசுவுக்குள் வளராது. இப்போது வெப்பம் கூடக் கூடக் கொசுவும் கிருமியும் மேலே போகின்றன. கவாய்த் தீவின் உச்சியே 1,600 மீட்டரைத் தொடாது, பறவை இதற்கு மேல் எங்கே ஏறும்? அங்கு மட்டுமே வாழும் அகிகிகி என்ற சாம்பல் குருவி 2023-இல் காட்டில் 5 தான் மிச்சம்.

எல்லாப் பழியையும் பருவநிலை மேல் போடுவது எனக்கு ஒப்பவில்லை. மனிதர் கொண்டுபோய் விட்ட பன்றிகள் மரப்பெரணியைச் சாய்த்து, தண்டுக்குள் இருக்கும் மாவுச்சத்தைக் குடைந்து தின்கின்றன. குடைந்த தண்டு தொட்டிபோல் கிடக்கிறது, மழைத்தண்ணீர் நிற்கிறது, கொசுப்புழு நெளிகிறது. இங்கே சிங்கப்பூரில் நம் வீட்டுப் பூச்சட்டித் தட்டில் தண்ணீர் நின்று கொசு வளர்ந்தாலே அபராதம். அங்கே மலை முழுக்கப் பூச்சட்டித் தட்டுதான்!

எனக்கு இதில் ஆர்வம் வந்ததே எங்கள் அடுக்குமாடி புளோக்கில்தான். கீழ்த்தளத்தில் ஒருவர் டப்பாவைத் திறந்து கொசுக்களைப் பறக்கவிட்டார். மூன்றாம் மாடிப் பாட்டி என்னைப் பிடித்துக்கொண்டார்: “கொசுவ அடிக்கச் சொன்னா, வளத்து விடுறாங்களே, கேக்க மாட்டியா?” ஆண் கொசு பாட்டி, கடிக்காது என்றேன். அதில் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா இருக்கும், அதோடு சேரும் பெண் கொசுவின் முட்டை பொரிக்காது. இங்கே டெங்கிக்காக 2016 முதல் ஏடிஸ் ஆண் கொசுக்களை விடுகிறார்கள். மாவியில் 2023 முதல் கியூலெக்ஸ் ஆண் கொசுக்களை மக்கும் கூடுகளில் அடைத்து, ஹெலிகாப்டரிலிருந்து மலைக்காட்டில் போடுகிறார்கள்.

விடுவதை நிறுத்தினால் கொசு திரும்பப் பெருகும், அதனால் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அகிகிகிகளில் சிலவற்றைக் கூண்டில் வளர்க்கிறார்கள். கொசு குறையாமல் அவற்றைத் திறந்துவிட முடியாது.