வாசகர் கேள்வி பதில்: கார் கேமராவுக்குள்ள ஒரு சிப்பு

கேள்வி: அண்ணா, எங்களுக்கு கொழிஞ்சாம்பாறை. திருச்சூர் போறப்ப குதிரான் சுரங்கத்த விட்டு வெளிய வந்ததும் வெயில் அடிச்சு கண்ணே தெரியறதில்ல. புது கார்ல முன்கண்ணாடிக்குப் பின்னால இருக்கற கேமரா மட்டும் எப்படி சமாளிக்குது? அதுல எஃப்.பி.ஜி.ஏ.ன்னு ஒரு சிப்பு இருக்கும்னு மச்சான் சொல்றாரு, அது என்னங்கண்ணா?

பதில்: தம்பி, இருட்டும் வெயிலும் ஒரே படத்துல வர்ற சுரங்க வாசல்தான் கேமராவுக்கு ரொம்பக் கஷ்டமான எடம். அதனால நல்ல கேமராங்க ஒரே காட்சிய வெளிச்சம் கம்மியா ஒண்ணு, ஜாஸ்தியா ஒண்ணுன்னு எடுத்து எல்லாத்தையும் ஒரே படமா சேத்துடும். நொடிக்கு 30 படம்னு வெச்சா ஒரு படத்துக்கு 33 மில்லிசெகண்ட்தான் இருக்கு, அதுக்குள்ள சேக்கணும், கலரை சரி பண்ணணும், அப்புறம்தான் முன்னால லாரி நிக்குதான்னே பாக்க முடியும். 80 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி 0.1 செகண்ட்ல 2 மீட்டருக்கு மேல நகந்துடும், அதனால வேகமா முடிச்சா மட்டும் பத்தாது, ஒவ்வொரு தடவையும் அதே அளவு நேரத்துல முடியணும், எனக்கு இதுதான் முக்கியம்.

சாதா பிராசசர் புரோகிராம வரி வரியா ஓட்டும், நடுவுல வேற வேலை வந்தா இது கொஞ்சம் தள்ளிப்போகும். எஃப்.பி.ஜி.ஏ.ன்னா ஃபீல்டு புரோகிராமபிள் கேட் அரே, அதுல சர்க்யூட்டே நாம சொல்றபடி அமையும். நம்ம சித்தூர் பக்கம் ஆழியார் தண்ணி வந்தா மடைய தெறந்து அடைச்சு எந்த வயலுக்குப் போகணும்னு முடிவு பண்றோமில்ல, அப்படி உள்ள இருக்கற லட்சக்கணக்கான சின்ன சுவிட்ச தெறந்து அடைச்சா சிக்னல் போற வழி மாறிடும், ஒரே நேரத்துல எல்லா வாய்க்காலும் ஓடும். சென்சார்ல இருந்து புள்ளி வர வர வேலை நடக்கும், முழுப் படம் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல. இந்த மாதிரி சிப்ப 1985ல மொதல்ல விற்பனைக்குக் கொண்டு வந்தது சைலிங்க்ஸ் கம்பெனி, இப்ப அது ஏஎம்டிங்கற சிப்பு கம்பெனி கையில இருக்கு. ஜப்பான்ல 2020ல வந்த சுபாரு லெவோர்க் காரோட ஐசைட்டுங்கற, ரெட்டைக் கேமரா வெச்சு டிரைவருக்கு உதவற சிஸ்டத்துல இவங்க சிப்புதான்.

ஆனா உங்க கார்லயும் இருக்கும்னு மச்சான் அடிச்சு சொல்ல முடியாது. இது வெலை கூட, கரண்டும் கூட இழுக்கும். லட்சக்கணக்கான கார்ல ஒரே டிசைன் போகுதுன்னா அதுக்குன்னே செஞ்ச சிப்பு போடறதுதான் லாபம், மொபைல்ஐங்கற கம்பெனி கார் கேமராவுக்குன்னு செய்யற ஐக்யூ சிப்பு அந்த வகைதான். டிசைன் இன்னும் மாறிட்டே இருக்கு, புதுசு புதுசா சென்சார் வருதுன்னா அங்கதான் எஃப்.பி.ஜி.ஏ.க்கு வேலை.

கேள்வி: வண்டிய ஆஃப் பண்ணா அந்த சர்க்யூட் அழிஞ்சுடுமாமே, பயமா இருக்குங்க. பாலக்காட்டு வெயில் வேற. (வாசகி, வாளையார்)

பதில்: ஆமாங்க, நெறைய மாடல்ல அழியும், ஆனா பக்கத்துல இருக்கற ஃப்ளாஷ் மெமரில இருந்து ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் பண்றப்பவும் திரும்ப ஏத்திக்கும். நான் கவலைப்படறது வேற விஷயத்துக்கு, விண்வெளிக் கதிரால உண்டாகற நியூட்ரான் பட்டா உள்ள ஒரு பிட்டு, அதாவது 0 இல்ல 1ன்னு இருக்கற ஒரு சின்னக் குறிப்பு, மாறலாம், சர்க்யூட்டே தப்பாயிடும், அதுக்குத்தான் ஓடிட்டு இருக்கப்பவே தன்னைத்தானே சரிபாத்து திருத்திக்கற ஏற்பாடு வைக்கறாங்க. ஐஎஸ்ஓ 26262ன்னு காருக்காக 2011ல வந்த பாதுகாப்பு விதி, பழுதைக் கண்டுபிடிக்க வழி இருக்கணும்னு கேக்குது. வெயிலுக்கு, கார் சிப்ப சோதிக்கற ஏஇசி க்யூ100ங்கற தரத்துல கிரேடு 2 சிப்பு மைனஸ் 40ல இருந்து 105 டிகிரி வரைக்கும் தாங்கணும்.

நீங்க பாக்க வேண்டியது ஒண்ணுதான், முன்கண்ணாடி ஒடைஞ்சு மாத்தினா கேமராவ திரும்ப கேலிபிரேட் பண்ணாங்களான்னு, அதாவது கோணத்த அளந்து சரி பண்ணாங்களான்னு கேட்டு, ரசீதுல எழுதி வாங்குங்க. கோணம் கொஞ்சம் தப்பினாலும் எவ்வளவு நல்ல சிப்பு இருந்தாலும் லாரி இருக்கற தூரத்த தப்பாத்தான் சொல்லும்.