நகையை அடகு வைத்து எம்.எஸ்.டபிள்யூ. படிக்கலாமா?

கேள்வி: செங்கம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. வயது 31, பி.ஏ. தமிழ் முடித்திருக்கிறேன். மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதுவதில் மாதம் 9,000 ரூபாய் வருகிறது. கணவர் விவசாயம். சமூகப் பணி படிக்க ரொம்ப நாள் ஆசை. வீட்டிலிருந்தே ஆன்லைனில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலைப் பட்டம்) முடிக்கலாம், 1,50,000 ரூபாயையும் முதலிலேயே கட்ட வேண்டும் என்கிறார் டவுனில் ஒரு ஏஜென்ட். நகையை 2 ரூபாய் வட்டிக்கு வைக்கலாமா?

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும். ஆனால் படிப்பை விட்டுவிடாதீர்கள்.

1,50,000-க்கு 2 ரூபாய் வட்டி என்றால் மாதம் 3,000. உங்கள் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு வருடத்தில் வட்டி மட்டுமே 72,000 போயிருக்கும், அசல் அப்படியே நிற்கும். அந்த ஏஜென்டிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். தொலைநிலைப் படிப்பை வெளியாருக்கு ஃபிரான்சைஸ் கொடுத்து நடத்த யூ.ஜி.சி. எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதியில் இடமே இல்லை.

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், அதாவது இக்னோவில், தொலைநிலையில் எம்.எஸ்.டபிள்யூ. இருக்கிறது. எந்தப் பட்டம் இருந்தாலும் சேரலாம். மொத்தக் கட்டணமே ஏஜென்ட் சொன்னதில் பாதிக்கும் கீழேதான், அதையும் வருடா வருடம் கட்டினால் போதும். சேரும் பருவத்துக்கு யூ.ஜி.சி. தொலைநிலைக் கல்விப் பிரிவின் அனுமதி இருக்கிறதா என்று மட்டும் அந்தப் பிரிவின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். அனுமதி பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று 2022-லேயே யூ.ஜி.சி. அறிவித்துவிட்டது.

ஏஜென்ட் உங்களிடம் சொல்லாத செலவு ஒன்று உண்டு, அது களப்பணி. பாடத்தை வீட்டில் படிக்கலாம், களப்பணியைப் போனில் முடிக்க முடியாது. ஏதாவது ஒரு நிறுவனத்துக்கு நேரில் போய், மேற்பார்வையாளர் சொல்படி வேலை பார்த்து, அறிக்கை எழுத வேண்டும். வாரம் இரண்டு நாள் என்று வைத்தாலும் மாதம் எட்டு நாள் உங்கள் வேலை நிற்கும். நாளுக்கு 300 என்றால் 2,400 ரூபாய் குறையும். இதற்குத்தான் நீங்கள் பணம் சேர்க்க வேண்டும். அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், அந்த பஸ் போகும் ஊரிலேயே களப்பணி இடம் கிடைக்குமா என்று சேரும் முன்பே படிப்பு மையத்தில் கேளுங்கள். இடம் உறுதியாகாமல் பணம் கட்டாதீர்கள்.

ஜனவரி, ஜூலை என இரண்டு சேர்க்கை உண்டு. அவசரமில்லை. வங்கியில் ஒரு வருட ஆர்.டி. போட்டு மாதம் 2,500 கட்டி வாருங்கள். 30,000-மும் வட்டியும் கையில் வந்த பிறகு சேருங்கள். கட்டணம் போக மிச்சத்தைக் களப்பணி மாதங்களுக்கென்று தொடாமல் வையுங்கள்.

வேலை பற்றியும் சொல்ல வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம் போன்ற இடங்களில் பெரும்பாலும் ஒப்பந்த வேலை, தொகுப்பூதியம்தான். பட்டம் வாங்கியதும் சம்பளம் இரட்டிப்பாகும் என்று நம்பிக் கடன் வாங்க வேண்டாம் என்பது அதனால்தான். மனநல சமூகப் பணியாளர் ஆகும் எண்ணம் இருந்தால் இந்தப் பட்டம் மட்டும் போதாது. 2017 மனநலச் சட்டப்படி, அதற்கு மேல் அந்தத் துறையிலேயே முழுநேர மேற்படிப்பு வேண்டும்.

இந்த வேலைகளுக்குப் பட்டத்தோடு அனுபவமும் கேட்பார்கள். அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. குழுக்களோடு வேலை செய்த வருடங்களுக்கு மகளிர் குழுக் கூட்டமைப்பிலிருந்து கையெழுத்து, முத்திரையோடு அனுபவச் சான்றிதழை இந்த மாதமே வாங்கி வைத்துவிடுங்கள்.