அமிலமும் கார்பனேட்டும் சேரும் வினையை மிட்டாய் செய்து பிள்ளைகளுக்குச் சொல்லித் தர முடியுமா?

தாராளமாக முடியும். உங்கள் வீட்டில் ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கிற பிள்ளை இருக்கிறது, சமன்பாடு மட்டும் மண்டையில் ஏற மாட்டேன் என்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் என்ற கடற்கரை ஊரில், எங்கள் வீட்டுத் திண்ணையில் டியூஷன் எடுப்பவள் நான். வருவது பெரும்பாலும் கடலுக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள்.

பொடித்த சர்க்கரை எட்டு ஸ்பூன், சிட்ரிக் ஆசிட் இரண்டு, ஆப்ப சோடா ஒன்று. சலவை சோடா வேறு, அதை வாங்கிவிடாதீர்கள். கிண்ணம், கரண்டி எதிலும் ஈரம் கூடாது. சிட்ரிக் ஆசிட்டை மிக்ஸியில் மாவாக ஓட்டிக்கொண்டால் நாக்கில் உறுத்தாது.

கலந்து வைத்தால் ஒன்றுமே நடக்காது. பாடமே அங்கேதான் இருக்கிறது. ஒரு பையன் கிண்ணத்துக்குள் மூக்கை விட்டுப் பார்த்துவிட்டு, "ரியாக்சன் எங்க டீச்சர்?" என்றான். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைடா என்றேன். எச்சில் பட்டதுதான் தாமதம், சுர்ரென்று பொங்கியதில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு தோளைக் குலுக்கினான். தண்ணீரில் கரைந்து ஹைட்ரஜன் அயனியை விட்டால்தான் அமிலத்துக்கு வேலை. அது ஆப்ப சோடாவில் இருக்கும் பைகார்பனேட்டோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் வரும், மிச்சம் சோடியம் சிட்ரேட். நாக்கு ஜில்லென்று ஆவது பிரமை இல்லை, வினை வெப்பத்தை உறிஞ்சுகிறது. கொஞ்சம் தண்ணீரில் நிறையப் பொடியைக் கொட்டி டம்ளரைத் தொடச் சொல்லுங்கள்.

சோடாவை ஏன் குறைத்துப் போட வேண்டும் என்று கேட்கும் பிள்ளையை விட்டுவிடாதீர்கள். கணக்குப்படி 192 கிராம் சிட்ரிக் ஆசிட்டுக்கு 252 கிராம் சோடா. அப்படிப் போட்டால் அமிலம் முழுக்கத் தீர்ந்து சப்பென்று கரிக்கும். புளிக்க வேண்டுமென்றால் அமிலம் மிஞ்ச வேண்டும்.

இதுவரை சொன்னது மதுரைக்காரர்களுக்கும் பொருந்தும். எங்கள் ஊரில் கூடுதலாக ஒன்று நடந்தது. மிச்சப் பொடியை ஒரு பெண் சரியாக மூடாத டப்பாவில் ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கடற்காற்றுக்குக் கேட்கவா வேண்டும்! அடுத்த வகுப்புக்குள் பொடி அடை மாதிரி ஒட்டிக் கிடந்தது. புளிப்பு இருந்தது, சுர்ர் போயே போய்விட்டது. காற்றின் ஈரமே வினையை மெல்ல முடித்துவைத்திருக்கிறது. காரணத்தை நான் சொல்லவில்லை, அவர்களே சண்டை போட்டுக் கண்டுபிடித்தார்கள். வீட்டில் கருவாட்டை எதற்குக் கட்டிப் பொதிந்து வைக்கிறார்கள் என்று தெரிந்த பிள்ளைகள் அல்லவா!

கடற்கரைக்காரர்கள் குழம்புக்கு வாங்கிய மட்டியின் ஓட்டையும் வினிகரில் போட்டுப் பாருங்கள். ஓடு கால்சியம் கார்பனேட், குமிழ் நன்றாக வரும். சிட்ரிக் ஆசிட்டில் போட்டால் சரியாகக் கரையாத கால்சியம் சிட்ரேட் ஓட்டின் மேல் படிந்து சீக்கிரம் அடங்கிவிடும். பவளக்கல்லை மட்டும் பொறுக்கி வராதீர்கள். 2001-லிருந்து அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

ஒரு அம்மா வாசலில் நின்று, "ஃபீஸ வாங்கிக்கிட்டு முட்டாயா கிண்டிக் குடுக்குறீக டீச்சர்?" என்று கேட்டுவிட்டுப் போனார். இங்கேயும் 'குழந்தைக்கு ஆசிட் கொடுக்கலாமா' என்று யாராவது வருவீர்கள். எலுமிச்சம்பழத்தில் இருக்கும் அமிலம், ஆப்பத்தில் போடும் சோடா. நானும் கிண்ணம் கிண்ணமாகத் தின்னச் சொல்லவில்லை, சிட்டிகைதான். அமிலம் பல்லுக்கு ஆகாது என்பதால் தின்றதும் வாய் கொப்பளிக்க வைக்கிறேன்.

கொப்பளிக்க நல்ல தண்ணீர் வேண்டுமே, அது தனிக் கதை. எங்கள் தெருவில் குழாய் இருக்கிறது, தண்ணீர் வருவது அதன் இஷ்டம். குடத்துக்கு இவ்வளவு என்று வண்டிக்காரரிடம் வாங்கிக் குடிக்கிறோம். ஓட்டுக் கேட்க வருகிறவர்கள் குழாயைத் திறந்து போட்டோ எடுத்துக்கொள்வதோடு சரி. கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினாலோ பாத்திரத்தின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு. மிஞ்சிய சிட்ரிக் ஆசிட்டை வெந்நீரில் கரைத்து அதில் ஊற்றுங்கள், அதுவும் நுரைக்கும், அதிலும் பெரும்பகுதி கார்பனேட்தான். எவர்சில்வர் என்றால் ஊற்றலாம், அலுமினியம் என்றால் வேண்டாம்.