"நான் எங்கே விழுந்தேன்?"

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது பக்கம் பலவீனமாகிவிட்டது. வீட்டுக்குள் நடக்கிறார், ஊன்றுகோலைத் தொடுவதே இல்லை. போன வாரம் இரவில் பாத்ரூம் வாசலில் தடுக்கி, கதவைப் பிடித்துத் தப்பினார். கேட்டால், "நான் எங்கே விழுந்தேன்?" என்று கோபப்படுகிறார். அம்மாவோ பயந்துபோய் அவரை எழுந்திருக்கவே விடுவதில்லை. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அப்பா பிடிவாதம் பிடிக்கிறார் என்று முடிவுகட்டிவிடாதீர்கள், சகோதரி. இடது பக்கம் பலவீனமாகியிருந்தால் பாதிப்பு பெரும்பாலும் மூளையின் வலது பாதியில் இருக்கும். அப்படிப்பட்டவர்களில் சிலருக்குத் தங்கள் பலவீனமே முழுதாக உறைக்காது. இடப்பக்கம் இருக்கும் நாற்காலியும் கதவு நிலையும் கண் எதிரே இருந்தும் கவனத்தில் படாது. சாப்பிடும்போது தட்டின் இடது ஓரத்துப் பொரியல் மட்டும் அப்படியே மிச்சமாகிறதா என்று பாருங்கள். ஆமாம் என்றால் நரம்பியல் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இன்னொன்று, தரையில் கிடந்தால்தான் விழுந்த கணக்கு என்று பலர் நினைக்கிறார்கள். தடுக்கிச் சுவரைப் பிடித்தது அவர்கள் கணக்கில் வராது. எனக்கு அதுதான் முதல் எச்சரிக்கை. "விழுந்துடப் போறீங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பதை விட்டு, "இன்னைக்கு எங்கேப்பா கால் இடறுச்சு?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். நிலைப்படி, ஈரத்தரை, வேட்டி நுனி என்று அவரே சொல்ல ஆரம்பிப்பார். பக்கவாதத்தில் சிலருக்குப் பாதத்தின் முன்பகுதி சரியாகத் தூக்க வராது. அரை அங்குல மேடே போதும், விரல் மாட்டிக்கொள்ளும்.

அம்மாவின் பயம் நியாயமானது. ஆனால் உட்காரவைத்தே வைத்திருந்தால் தொடைத் தசை வற்றி, அப்புறம் நிஜமாகவே விழுவார். பலவீனமான பக்கத்து எலும்பும் மெலிந்துகொண்டே போகும். நடக்கட்டும். அம்மா அவருடைய இடது பக்கம், அரை அடி பின்னால் வரட்டும். நடக்கும்போது பேச்சுக் கொடுக்க வேண்டாம். பதில் சொல்லப் போனால் கால் தவறும்.

இரவில் விழித்தவுடன் எழ வேண்டாம். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்காரட்டும். பாத்ரூமில் வலது கைக்கு எட்டும் பக்கம் கைப்பிடிக் கம்பி போடுங்கள்.

சரி, ஊன்றுகோல்? நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சம் அவருக்கு இருக்கலாம், அது சின்ன விஷயமல்ல. முதலில் இரவு பாத்ரூமுக்குப் போக மட்டும் எடுக்கச் சொல்லுங்கள், அப்போது யாரும் பார்க்கப் போவதில்லை. நல்ல கையான வலது கையில்தான் பிடிக்க வேண்டும். இன்று இரவே கட்டிலின் வலப்பக்கம், கைக்கு எட்டுகிற மாதிரி சாய்த்து வையுங்கள்.