கத்திரி வெயிலும் பிள்ளைகளும்

அன்புள்ள அண்ணாச்சி,

பாளையங்கோட்டையில் ஒரு அடுக்குமாடியின் மேல்தளத்தில் இருக்கிறோம். மகனுக்கு 12 வயது, மகளுக்கு 8. காலை பத்து மணிக்கே சுவர் சுடுகிறது. கோடை முகாமுக்கு இந்த வருடம் பணம் கட்ட முடியவில்லை. ஏசி ஒரு அறையில்தான். அத்தை, நான், பிள்ளைகள் எல்லோரும் அதற்குள் ஆளுக்கொரு போனோடு கிடக்கிறோம். லீவு முழுக்க இப்படியே போய்விடுமோ என்று இருக்கிறது. வீட்டிலேயே சந்தோஷமாகப் பொழுதைக் கழிக்க எளிய வழி ஏதாவது சொல்லுங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

உச்சி வெயிலில் எல்லோரும் ஏசி அறையில் கிடப்பதில் ஒரு தப்பும் இல்லை. கத்திரியில் நம் ஊர் 40 டிகிரியைத் தொடும்போது வேறு எங்கே போவது? நடுப்பகலை அதன் போக்கில் விட்டுவிடுங்கள். விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரை, அப்புறம் வெயில் தாழ்ந்த பிறகு. இந்த இரண்டு பொழுதும் நிரம்பினால் மத்தியானம் பிள்ளைகள் தானாக அசந்து தூங்குவார்கள்.

நிரப்புவதற்கு வகுப்பு எதுவும் வேண்டாம். கோடைக்கென்றே வீட்டில் வேலை உண்டு. அதில் பிள்ளைகளுக்கு நிஜமான பங்கு கொடுங்கள். மேலே மொட்டைமாடி, வீட்டுக்குள் அத்தை என்று இரண்டு பெரிய வசதி உங்களுக்கு இருக்கிறதே.

முதலில் கூழ்வத்தல் போடுங்கள். கொதிக்கிற தண்ணீரில் உப்பு, பெருங்காயம், சீரகம், அரைத்த பச்சைமிளகாய் போட்டு அரிசிமாவைக் கரைத்து ஊற்றிக் கிண்டுவது உங்கள் வேலை. கொதிக்கிற கூழ்ப் பக்கம் பிள்ளைகள் வர வேண்டாம். கூழ் ஆறியதும் பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து மாடியில் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்து, கரண்டியால் வட்டம் வட்டமாக ஊற்றுவது அவர்கள் வேலை. எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும், அதற்கு மேல் தரையில் கால் வைக்க முடியாது. பிறகு காக்கா காவல். மாடிப்படி நிழலில் உட்கார்ந்து மாற்றி மாற்றிக் காவல் காக்கட்டும். ஒரு கறுப்புக் குடையையும் விரித்து வையுங்கள், காக்கா கொஞ்சம் தயங்கும். வெயில் ஏறியதும் இறங்கி வந்துவிட வேண்டும்.

சாயங்காலம் ஏறிப் பார்த்தால் ஓரமெல்லாம் காய்ந்தும் நடுவில் கொழகொழவென்றும் இருக்கும். அந்தப் பதத்தில் வேட்டியிலிருந்து பிய்த்துத் தின்கிற ருசிக்கு ஈடே கிடையாது. பாதி வத்தல் அப்படியே காலியானாலும் திட்டாதீர்கள். மறுநாள் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் மிச்சம் உரிந்து வரும். தாம்பாளத்தில் பரப்பி மறுபடி வெயிலில் வையுங்கள். ஒடித்தால் டக்கென்று உடைய வேண்டும், அதுவரை காயட்டும்.

கொட்டை எடுக்காத புதுப்புளி வாங்குங்கள். அத்தையோடு உட்கார்ந்து கொட்டை எடுக்கட்டும். நாலு கொட்டையை ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரிகிறவரை சிமெண்டுத் தரையில் உரசினால் தாயம் உருட்டத் தயார். உரசிய கொட்டை நன்றாகச் சுடும். அதைப் பக்கத்திலிருப்பவர் கையில் வைத்து அலறவிடுவதும் ஆட்டத்தில் சேர்ந்ததுதான்! மிச்சக் கொட்டை பல்லாங்குழிக்கு. குழிக்கு ஐந்து வீதம் 14 குழிக்கு 70 கொட்டை வேண்டும். பலகை இல்லாவிட்டால் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொள்ளலாம். பழகியவர்கள் கொட்டையை எடுக்கும் முன்பே எங்கே முடியும் என்று கண்ணாலேயே எண்ணிவிடுவார்கள். அத்தை விளையாடும்போது அவர்கள் கண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நுங்கு வாங்கினால் சுளையை மட்டும் வாங்கி வராதீர்கள், சுளை எடுத்த கூந்தலில், அதாவது வெறும் நுங்குக் கூட்டில், இரண்டைக் கேட்டு வாங்குங்கள். நடுவில் குச்சி சொருகி, கவை உள்ள நீளக் கம்பால் தள்ளினால் நுங்கு வண்டி. வராந்தாவிலேயே ஓட்டலாம். திசையன்விளை, உடன்குடிப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் ஒருநாள் விடியக்காலையில் போய்ப் பதநீர் குடித்து வாருங்கள். புளிக்காமலிருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருப்பார்கள். அதை மகளுக்குக் காட்டுங்கள்.

வீட்டுச் சூட்டுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காலையில் கிழக்கு ஜன்னலையும் மத்தியானம் மேற்கு ஜன்னலையும் சாத்தித் திரை போடுங்கள், இருட்டியதும் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். அந்தப் பொறுப்பை மகனிடம் கொடுங்கள். வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. அத்தை கேட்கட்டும் என்று காத்திருக்காமல் மணிக்கொரு தரம் மோரோ தண்ணீரோ கொடுப்பது மகளின் பொறுப்பு.

பொழுது சாய்ந்ததும் மாடியில் நாலு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்றுகிற சாக்கில் பிள்ளைகள் நனையட்டும். சூடு இறங்கியதும் பாயை விரித்துப் படுங்கள், போன் கீழேயே இருக்கட்டும். மே மாதம் ஒன்பது மணிவாக்கில் வடக்கே சப்தரிஷி மண்டலம் நன்றாகத் தெரியும். தெற்கே கட்டடம் மறைக்காவிட்டால் தாழ்வாகத் தென்சிலுவையும் தெரியும். தில்லிப் பிள்ளைகளுக்கு அது தொடுவானத்தை ஒட்டித்தான் கிடக்கும், கண்ணில் படுவதே கஷ்டம். ஜூனில் செங்கோட்டைக் கணவாய் வழியே காற்று வர ஆரம்பித்துவிட்டால் மாடியில் பாய் நிற்காது, அதற்குள் படுத்துக்கொள்ளுங்கள்.

சரி, கூழ்வத்தலுக்கு நான் அளவு எழுதவில்லை. ஜவ்வரிசி சேர்ப்பதா வேண்டாமா என்பதில் வீட்டுக்கு வீடு வேறு கை. உங்கள் அத்தையின் அளவை மகனை விட்டு எழுதச் சொல்லி எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி