காசு கொடுத்து வாங்கிய மென்பொருளுக்குள் இருக்கும் திறமூல லைப்ரரியை நாமே மாற்றினால் உரிம மீறலா?

அந்த லைப்ரரி, அதாவது மென்பொருள் தனக்குள் சேர்த்துப் பாவிக்கும் ஆயத்த நிரல் தொகுதி, எந்த உரிமத்தில் வருகிறது என்று முதலில் பாருங்கள். எல்ஜிபிஎல் (LGPL: மூடிய மென்பொருளோடு சேர்க்க விட்டாலும், லைப்ரரியை மாற்றும் உரிமையைக் காக்கும் திறமூல உரிமம்) என்றால் மாற்றலாம். நான் மாற்றியிருக்கிறேன்.

கொக்குவிலில் என் அண்ணை கலியாண வீடியோ எடுக்கிறவர். ஒரு சாமத்தியவீட்டு வேலையில், லண்டன் மாமி போனில் எடுத்து அனுப்பிய துண்டைப் போட்டதும் எடிட்டிங் மென்பொருள் அப்படியே மூடிக்கொண்டது. நாலு தரம் போட்டும் அதே கதைதான். போல்டரைத் திறந்து பார்த்தால் 'ஏவிகோடெக்-58' என்று ஒரு டிஎல்எல், அதாவது மென்பொருள் ஓடும்போது சேர்த்துக்கொள்ளும் தனி லைப்ரரிப் பைல். வீடியோக்களைத் திறந்து படிக்கும், எல்ஜிபிஎல்லில் வரும் எஃப்எஃப்எம்பெக்கின் (FFmpeg) பகுதி அது. 2018இல் வந்த 4.0 பதிப்பு.

அந்த 58ஐக் கவனியுங்கள். 4.0 முதல் 4.4 வரை அதே எண்தான், 5.0இல் 59 ஆகிவிடும். 59ஐப் பெயர் மாற்றிப் போட்டு ஏமாற்ற முடியாது. ஆகவே 2021இல் வந்த 4.4ஐ எடுத்தேன். முதலில் அந்த ஒரு பைலை மட்டும் மாற்றினேன், மென்பொருள் திறக்கவே இல்லை. ஏவியுடில், ஏவிஃபோர்மட் என்று கூட இருந்த எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிய பிறகுதான் மாமியின் துண்டு ஓடியது. பழையவற்றை வேறு போல்டரில் எடுத்து வைக்க மறக்காதீர்கள்.

விற்ற நிறுவனத்துக்கு எழுதினேன். 'எங்கள் ஒப்பந்தப்படி எதையும் மாற்றவோ பிரித்துப் பார்க்கவோ கூடாது' என்று பதில் வந்தது. எல்ஜிபிஎல் 2.1இன் 6ஆம் பிரிவு இதற்கு நேர்மாறு: வாங்கியவர் தன் தேவைக்கு மாற்றவும், அந்த மாற்றத்தில் வரும் பிழையைத் தேடப் பிரித்துப் பார்க்கவும் விற்பவரின் ஒப்பந்தம் இடம் தர வேண்டும். மாற்றிய பிறகு உதவி செய்ய மாட்டோம் என்று சொல்வது அவர்கள் விருப்பம், அது வேறு விஷயம். டிஎல்எல்லாக இல்லாமல் ஒரே பைலுக்குள் லைப்ரரியை அடைத்து விற்றிருந்தால், நாங்கள் திரும்ப இணைத்துக்கொள்ள ஒப்ஜெக்ட் பைல்களையாவது (ஒரே பைலாக இணைப்பதற்கு முந்தைய துண்டுகள்) தர வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

எம்ஐடி என்ற தளர்வான திறமூல உரிமம் என்றால் இந்தப் பிடி கிடையாது. தமிழ் எழுத்துகளைத் திரையில் சரியாகக் கோக்கும் ஹார்ஃப்பஸ் (HarfBuzz) லைப்ரரி அந்த வகைதான். உள்ளே பூட்டி விற்றாலும் கேட்க முடியாது.

எக்ஸ்264 என்ற வீடியோச் சுருக்கும் லைப்ரரியைச் சேர்த்துக் கட்டிய எஃப்எஃப்எம்பெக் முழுவதும், சேர்த்து விற்கும் மென்பொருளின் மூலநிரலையும் திறக்கக் கேட்கும் ஜிபிஎல் உரிமத்துக்குள் வந்துவிடும். வீட்டில் பாவிக்க அது தடையில்லை, சேர்த்து விற்பவருக்குத்தான் தலையிடி.

பிறகு அண்ணையின் கூட்டாளி ஒருவர் பென்டிரைவோடு வந்து முழுப் போல்டரையும் கேட்டார். மென்பொருளைக் கொடுக்க முடியாது என்று சொல்லி, டிஎல்எல்களையும், எல்ஜிபிஎல் கேட்கிறபடி அவற்றின் மூலநிரலையும் உரிமப் பைலையும் மட்டும் ஏற்றிக் கொடுத்தேன். மூலநிரல் எதற்கு என்று கேட்டுவிட்டு, என் கண் முன்னாலேயே அதை அழித்தார்.