இரண்டு மா நாற்பது குழி: நிலம் குறைந்துவிட்டதா?

கேள்வி: மன்னார்குடி அருகே உள்ள எங்கள் நஞ்சைக்குத் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தில் ‘மா 2 குழி 40’ என்று இருக்கிறது. பட்டாவில் 0.32.0 ஹெக்டேர். நிலம் குறைந்துவிட்டதோ என்று வீட்டில் பேச்சு கிளம்பியிருக்கிறது. எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: குறையவில்லை. இதை வைத்து அண்ணன் தம்பிக்குள் மனத்தாங்கல் வந்துவிடக் கூடாது என்பதால் கணக்கை முழுதாகச் சொல்கிறேன்.

தஞ்சைப் பகுதியில் 12 அடிக் கோலால் அளப்பது வழக்கம். கோலுக்குக் கோல் சதுரம் ஒரு குழி. அதாவது 144 சதுர அடி. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. உங்கள் நிலம் 240 குழி, 34,560 சதுர அடி. சென்ட்டில் ஏறக்குறைய 79. பட்டாவின் 0.32.0 ஹெக்டேர் என்பது 32 ஏர் (ஒரு ஏர் 100 சதுர மீட்டர்), அதாவது 34,445 சதுர அடி. வித்தியாசம் 115 சதுர அடி. ஒரு குழிகூட இல்லை. அளவை ஏருக்கு மாற்றி முழுமையாக்கும்போது இவ்வளவு விலகுவது இயல்பு.

‘மா’ என்பது நம் பின்ன வாய்பாட்டில் இருபதில் ஒன்று. வேலியில் இருபதில் ஒரு பங்கு என்பதால்தான் நிலத்துக்கும் அதே பெயர். டெல்டாவில் இன்றும் விளைச்சலை ‘மாவுக்கு இத்தனை மூட்டை’ என்றுதான் பேசுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

ஆனால் இந்தக் கணக்கை வேறு ஊர்ப் பத்திரத்துக்கு அப்படியே போட்டுவிடாதீர்கள். செங்கல்பட்டுப் பக்கம் கோல் 24 அடி, குழி 576 சதுர அடி. அப்படி 100 குழி ஒரு காணி. குழி என்ற பெயர் ஒன்றுதான், நிலமோ நான்கு மடங்கு! சோழர் காலத்தில் கோலின் நீளத்தைக் கோயில் கல்லிலேயே வெட்டி வைத்ததன் அருமை இங்கேதான் புரிகிறது.

தமிழ் எண்ணில் எழுதிய மூலப் பத்திரம் இருந்தால் அதையும் பாருங்கள். ‘௪௰’ என்பது நாற்பது. ௰ பத்தைக் குறிக்கும். ‘ய’ என்று படித்துக் குழம்புகிறவர்கள் உண்டு.

பிறகு பத்திரத்தின் நான்கெல்லையைப் புலப்படத்தோடு (உங்கள் சர்வே எண்ணுக்கான நில அளவை வரைபடம்) ஒப்பிடுங்கள். பரப்பும் எல்லையும் முரண்பட்டால் பொதுவாக எல்லைக்கே மதிப்பு அதிகம். வரப்பு நகர்ந்திருப்பதாகத் தோன்றினால் மட்டும் நில அளவைக்கு மனுக் கொடுங்கள்.